எட்டு சாண் தொட்டி

பேச்சு ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்கும்போதே அய்யாதுரை அண்ணாச்சியின் வலது கை தன்பாட்டுக்கு அளந்துகொண்டிருக்கும். கட்டைவிரலை ஊன்றிச் சுண்டுவிரலை நீட்டி, சுண்டுவிரல் நின்ற இடத்துக்குக் கட்டைவிரலைக் கொண்டுவந்து, மறுபடியும் நீட்டி. மேசை, ஜன்னல் கட்டை, வாசலில் நிற்கும் யாரோ ஒருவரின் ஸ்கூட்டர் இருக்கை என்று எதையும் அந்தக் கை விடுவதில்லை. தியாகராய நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் கை அது. அண்டாவின் வாயில் ஒருமுறை விரித்துப் பார்த்தால் எத்தனை படி அரிசி வேகும் என்று சொல்லிவிடும்.

மயிலாப்பூரில் அவர் வீட்டு மாடியில் நான் குடியிருக்கிறேன். போன வருஷம் ஒரு நாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "அளந்துட்டேம்மா. அஞ்சு சாணும் நாலு விரலும்" என்றார். எதை என்று கேட்டேன். "அந்தாளு மீன்தொட்டியத்தான். சும்மா சாஞ்சு நிக்குத மாதிரி நின்னு அளந்துட்டேன்லா."

அந்த ஆள் இக்னேஷியஸ். சாந்தோம் பக்கம், இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். டெலிபோன் இலாகாவில் வேலை. அவர் மகள் ஆலிஸும் அண்ணாச்சியின் மகள் முத்துலட்சுமியும் ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. இக்னேஷியஸ் வீட்டுக் கூடத்தில் நாலடித் தொட்டி ஒன்று இருக்கிறது. நாடா போல நீண்ட பச்சைச் செடிகள் அதில் ஒரே பக்கமாகச் சாய்ந்து அசையும். நடுவே மீன்கள் புகுந்து புகுந்து வரும். பள்ளிக்கூடம் விட்டதும் முத்துலட்சுமி அதன் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவாள். விளக்கு வைத்த பிறகுதான் வீடு திரும்புவாள். சாப்பிடும்போதும் வாய் ஓயாது. மீனுக்கு இமை கிடையாது என்று ஆலிஸ் அப்பா சொன்னார். செடியும் மூச்சு விடும் என்று ஆலிஸ் அப்பா சொன்னார்.

"இன்னைக்கு ஒம்பது தடவ" என்று அண்ணாச்சி என்னிடம் கணக்கு ஒப்பித்தார். "ஆலிஸ் அப்பா, ஆலிஸ் அப்பான்னு ஒம்பது தடவ. என்னைய அப்பான்னு கூப்பிட்டது ரெண்டே தடவ. அதுலயும் ஒண்ணு மோர் கேக்க."

அந்த வாரமே தொட்டி கட்டுவதென்று முடிவாயிற்று. எட்டு சாண் நீளம். "எண்சாண் உடம்பு எனக்கு இருக்குல்லா, எம் பிள்ளை தொட்டிக்கும் இருக்கட்டும்."

முதல் தடவையாக மீன் வளர்க்கிறவர் விஷயம் தெரிந்தவரிடம் போய்க் கேட்பார். அண்ணாச்சிக்குத் தெரிந்து மீன் வளர்ப்பவர் இக்னேஷியஸ் ஒருவர்தான் என்பதால் அவர் யாரிடமும் கேட்கவில்லை. மகளிடம் மட்டும், சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே, எதிலும் அக்கறை இல்லாதவர் போல விசாரிப்பார். "அங்க லைட்டு பல்பா, டியூபா?" ஒரு டியூப் என்று அவள் சொன்னால் இங்கே இரண்டு. கண்ணாடி கால் அங்குலம் என்றால் இங்கே அரை அங்குலம். பர்மா பஜாரில் காற்றுப் பம்பு வாங்கியபோது சத்தமே இல்லாத ஒன்றைக் கடைக்காரர் காட்டினாராம். "சத்தமே இல்லாட்டா வச்சிருக்கோம்னு யாருக்குத் தெரியும்?" என்று அதைத் தள்ளிவிட்டு, உறுமுகிற ஒன்றை வாங்கிவந்தார். என் அறைக்கு நேர் கீழே அது உறுமுகிறது.

சிந்தாதிரிப்பேட்டையில் இரும்புச் சட்டம் அடித்துக் கொடுத்தவர் வலியுல்லா. தொட்டியை வண்டியிலிருந்து ஆறு பேர் இறக்கியபோது அவரும் கூட வந்திருந்தார். "இன்னா அண்ணாச்சி, மீன் வுடப் போறியா, ஆள வுடப் போறியா? இத்த ரொப்பறதுக்குள்ள கார்ப்பரேஷன் கொழா வத்திப்பூடும்" என்றார். அண்ணாச்சி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு அவருக்கு இரண்டாவது காப்பி வரவழைத்தார்.

மூர் மார்க்கெட்டில் மீன் வளர்ப்பு பற்றிய பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்றும் கிடைத்தது. மாலையில் நான் அதைப் படித்துத் தமிழில் சொல்ல வேண்டும். செடிக்கு எவ்வளவு வெளிச்சம், மணலுக்கு அடியில் என்ன மண் என்றெல்லாம் நான் சொல்லும்போது அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். "அது அந்தாளுகிட்ட இருக்குதாம்மா?" என்று மட்டும் கேட்பார். இருக்கிறது என்றால், "சரி, அடுத்த பக்கம்."

அழுக்கு வடிக்கும் பெட்டி என்ற இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பஞ்சும் கரியும் போட்ட சிறு பெட்டி. தண்ணீர் அதன் வழியே போய்த் தெளிந்து வரும். இக்னேஷியஸ் வைத்திருப்பது பிளாஸ்டிக். "ஃபில்டர்தானே? மெட்ராஸ்ல பாதி வீட்ல நம்ம ஃபில்டர்லதாம்மா காப்பி இறங்குது. நமக்கு இத ஒருத்தன் சொல்லித் தரணுமா?" நாலே நாளில் கடை ஆட்களை வைத்துச் செம்பில் ஒரு பெட்டி அடித்துவிட்டார். காப்பி ஃபில்டரைப் பத்து மடங்கு பெருக்கியது போல, அடியில் வரிசை வரிசையாகத் துளைகள். ஈயம் பூசாத பச்சைச் செம்பு. விளக்கைப் போட்டால் தொட்டிக்குள் சூரியன் உதித்தது போலிருக்கும்.

செம்பு மீனுக்கு விஷம் என்று புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. சொன்னேன். "வெள்ளைக்காரன் என்னைக்கும்மா செம்புல தண்ணி குடிச்சான்? அவனுக்கு என்ன தெரியும்?" என்றார். இரண்டாம் முறை சொல்லும் பழக்கம் எனக்கில்லை. மறுநாள் முத்துலட்சுமியும் அதையே கொண்டுவந்தாள். "செம்பு வேணாம்னு ஆலிஸ் அப்பா உங்ககிட்ட சொல்லச் சொன்னாருப்பா." அண்ணாச்சியின் முகம் மலர்ந்துவிட்டது. அவள் உள்ளே போகும்வரை காத்திருந்து என் பக்கம் திரும்பினார். "பாத்தியாம்மா? பிளாஸ்டிக் வச்சிருக்கவனுக்குச் செம்பக் கண்டா வயிறு எரியாதா?"

வியாழக்கிழமை நல்ல நேரம் பார்த்து, தொட்டியின் நாலு மூலைக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மேலே எலுமிச்சையும் மிளகாயும் கட்டி மீன்களை விட்டார். ஏஞ்சல் எட்டு, கறுப்பு மோலி பன்னிரண்டு. அன்றும் மறுநாளும் அதற்கு மறுநாளும் முத்துலட்சுமி நேரே வீட்டுக்கு வந்தாள். மாலை ஐந்து மணிக்குக் கடையை விட்டு நகராதவர், மூன்று நாளும் ஐந்துக்கே வந்து அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அவள் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மூன்று நாளும் அவர் எந்தக் கணக்கும் என்னிடம் ஒப்பிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முத்துலட்சுமியின் அழுகை கேட்டுக் கீழே இறங்கிப் போனேன். தண்ணீர் பளிங்கு போலத் தெளிவாக இருந்தது. மோலிகள் நாலு செத்து மிதந்தன. மற்றவை நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செடிகளின் நுனி பழுத்திருந்தது. அண்ணாச்சி பம்பைத் தட்டினார். விளக்கை அணைத்தார், போட்டார். திருஷ்டி என்றார்.

"அப்பா, ஆலிஸ் அப்பாவக் கூட்டிட்டு வரட்டா?"

"வேண்டாம்."

"எல்லாம் செத்துடும்பா."

ஏஞ்சல் ஒன்று மெல்ல ஒருக்களித்துச் சாய்ந்தது. முத்துலட்சுமி வாசலை நோக்கி ஓடினாள். அவர் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார். "நீ இரு. நான் போறேன்" என்று ஆணியிலிருந்த சட்டையை எடுத்துக்கொண்டு, தெருவில் நடந்துகொண்டே மாட்டினார்.

சாந்தோம் மாதா கோயிலில் காலைப் பூசை முடியும்வரை வாசலில் காத்து நின்று, அங்கிருந்தே இக்னேஷியஸை ரிக்‌ஷாவில் அழைத்து வந்துவிட்டார். வந்தவர் உடம்பில் ஞாயிற்றுக்கிழமைக்கென்று கஞ்சி போட்ட முழுக்கைச் சட்டை. இக்னேஷியஸ் தொட்டியை ஒரு பார்வை பார்த்தார். சட்டையின் வலது கையைத் தோள்வரை சுருட்டிவிட்டு, கையை உள்ளே விட்டு, பெட்டியை வெளியே எடுத்துத் தரையில் வைத்தார். பழைய தண்ணீரை மொண்டு கொட்டச் சொன்னார். வாளி வாளியாகப் புதுத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஒரு மணி நேரம் ஆயிற்று. பதினோரு மீன் பிழைத்தது.

"வேலைப்பாடு பிரமாதம் அண்ணாச்சி" என்றார் இக்னேஷியஸ், செம்புப் பெட்டியைக் காட்டி. "இதுல டிகாக்‌ஷன் இறக்கினா தெருவுக்கே காப்பி ஊத்தலாம்."

முத்துலட்சுமி சிரித்துவிட்டாள். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

இக்னேஷியஸின் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது; விரல்களில் பாசி ஒட்டியிருந்தது. முத்துலட்சுமி உள்ளே ஓடிப்போய்ப் புதுத் துண்டு ஒன்றை எடுத்துவந்து இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள். அவர் வாங்குவதற்குள் அண்ணாச்சி நடுவில் வந்தார். மகள் கையிலிருந்து துண்டை எடுத்தார். இக்னேஷியஸின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, தோளிலிருந்து கீழே, பிறகு ஒவ்வொரு விரலாக, அவரே துடைத்துவிட்டார்.