பௌர்ணமிக்குப் பிறகு வரும் பாசி

மீன் தொட்டியில் வந்த பாசிக்குக் காரணம் வெளிச்சம் என்றார்கள், தீனி என்றார்கள், மோட்டார் என்றார்கள். தண்ணீர் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். எங்கள் வீட்டில் தண்ணீர்தான் தொழில். செங்கம் ரோட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட்டில் என் கணவர் கேன் தண்ணீர் பிளான்ட் நடத்துகிறார். போர் தண்ணீரை ஆர்.ஓ. மெஷினில் விட்டுச் சுத்தம் செய்து, கேனில் அடைத்து, லாட்ஜுகளுக்கும் ஓட்டல்களுக்கும் போடுவார். ஊரில் தண்ணீரைப் பற்றி யாருக்கும் நாங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற திமிர் எனக்கும் இருந்தது.

மீன் தொட்டி நான் ஆசைப்பட்டு வாங்கியது இல்லை. எங்கள் மாடி ரூமில் வாடகைக்கு இருந்த வெள்ளைக்கார அம்மா விட்டுப்போனது. ஆசிரமத்துப் பக்கம் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் வெயில் ஏறியதும் கிளம்பிவிடுவார்கள். இந்த அம்மாவும் அப்படித்தான் கிளம்பினார். முட்டி தேய்ந்துவிட்டது, இனிமேல் வருவதற்கில்லை என்றார். தொட்டியை என்ன செய்வது என்று கேட்டதும், நான் வைத்துக்கொள்கிறேன் என்று வாயைத் திறந்தவள் நான்தான்.

இரண்டடித் தொட்டி. உள்ளே கடல் பாறைத் துண்டுகள், வெள்ளை மணல், ஒரு ஜோடி கிளவுன் மீன். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டவை. பெரியது பொட்டை, சின்னது ஆண். ஒரு பாறையைச் சுத்தம் செய்து அதில் முட்டை வைக்கும். சின்னது பக்கத்திலேயே நின்று வாலால் விசிறிக்கொண்டிருக்கும். குஞ்சு ஒன்றும் தேறியதில்லை. இருந்தாலும் மறுபடி வைக்கும், மறுபடி விசிறும். காலையில் டீயை வைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்தால் டீ ஆறிவிடும். அந்த ஜோடி ஜோடியாகவே உயிரோடு இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

என் கணவர் முதல் நாளே ஆரம்பித்தார். "கடல் எங்கடி இருக்குது இந்த ஊர்ல? மலைய எத்தன சுத்து சுத்துனாலும் ஒரு அலை வராது."

"நீங்க தண்ணி குடுங்க, உப்ப நா போட்டுக்கறேன்" என்றேன்.

அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தொட்டிக்கென்று விற்கிற கடல் உப்புத்தூளை நல்ல தண்ணீரில் கரைத்து, பழைய தண்ணீரில் கொஞ்சம் எடுத்துவிட்டு இதை ஊற்ற வேண்டும். வெயிலில் தண்ணீர் தினமும் வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும். அதனால் வற்றிய அளவுக்கு வெறும் தண்ணீர் ஊற்றினால் போதும். எங்கள் ஊர் சித்திரை வெயிலில் தினம் இரண்டு சொம்பு வற்றியது. நான் எங்கள் கேனிலிருந்தே ஊற்றினேன்.

முதலில் மணலில் பழுப்பாக ஒரு படலம் வந்தது. அப்புறம் பாறையில் பச்சை முடி முளைத்தது. முடி என்றால் முடியேதான். பிடுங்கினால் கொத்தாக வரும், மறுபடி வளரும். சென்னையில் இருக்கும் கடல் மீன் கடைக்காரருக்கு போன் போட்டேன். அந்த அம்மா கொடுத்துவிட்டுப் போன நம்பர்.

"தண்ணி என்ன தண்ணிங்க ஊத்தறீங்க?" என்று கேட்டார்.

"எங்க சொந்த பிளான்ட் ஆர்.ஓ. தண்ணிங்க."

"அப்ப தண்ணில ஒண்ணும் இல்ல. லைட்ட கம்மி பண்ணுங்க."

லைட்டைக் குறைத்தேன். பாசி குறையவில்லை. தீனியைக் குறைக்கச் சொன்னார், குறைத்தேன். மீன் இரண்டும் கண்ணாடியில் வந்து முட்டிக்கொண்டு என்னைப் பார்த்தன. பிறகு அலை மோட்டார் நின்றுபோனது. கழற்றினால் உள்ளே சுற்றுகிற காந்தத்தில் சுண்ணாம்பு மாதிரி உப்புக் கட்டியிருந்தது. வினிகரில் ஊறவைத்துப் பல் பிரஷ்ஷால் தேய்த்தேன், ஓடியது. காரணம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். பாசி வளர்ந்தது. கழிவை நுரையாக்கி வெளியே தள்ளுகிற ஸ்கிம்மர் சரியாக நுரைக்கவில்லை. காற்றுக் குழாயில் அடைப்பு. ஊசியால் குத்தி எடுத்தேன். கறுப்புத் தண்ணீர் கப்பில் நிறைந்தது. பாசி அப்போதும் வளர்ந்தது.

ஒன்று மட்டும் கவனித்தேன். ஒவ்வொரு பௌர்ணமிக்குப் பிறகும் அது வெறி பிடித்த மாதிரி வளர்ந்தது. என் கணவரிடம் சொன்னதற்குச் சிரித்தார். "பௌர்ணமிக்குக் கடல் பொங்கும் இல்ல? உன் கடலும் பொங்குது, வுடு."

நானும் சிரித்தேன். 

கடைசியில் கடைக்காரர் பாசியைக் கொல்லும் மருந்து ஒன்றை பஸ் பார்சலில் அனுப்பினார். மருந்து போட்டால் ஸ்கிம்மரை நிறுத்த வேண்டும் என்று பாட்டிலில் போட்டிருந்தது. நிறுத்தினேன். பாசி செத்தது. அத்தனை பாசியும் ஒரே நேரத்தில் செத்து அழுகினால் தண்ணீரில் இருக்கும் காற்றையெல்லாம் அது தின்றுவிடும் என்று பாட்டிலில் போடவில்லை, அந்த ஆளும் சொல்லவில்லை. காலையில் பார்த்தபோது பெரியது மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. சின்னது முட்டைப் பாறைக்குக் கீழே பக்கவாட்டில் கிடந்தது. ஸ்கிம்மரைப் போட்டேன், கையால் தண்ணீரை அடித்தேன். பெரியது பிழைத்தது. சின்னதைக் கறிவேப்பிலைச் செடிக்கு அடியில் புதைத்தேன்.

அடுத்த பௌர்ணமியன்று பகலில் பிளான்டுக்குச் சாப்பாடு எடுத்துப் போனேன். கிரிவலத்துக்கு ஜனம் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. ரோட்டை அடைத்துவிட்டால் வண்டி உள்ளே போகாது. அதற்குள் கேன் எல்லாம் போய்ச் சேர வேண்டும். ஆட்கள் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். என் கணவர் மெஷினுக்குப் பக்கத்தில் பைப்பைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

அந்தப் பைப்பில் ஒரு வால்வு உண்டு. எனக்கும் தெரியும். சுத்தமான ஆர்.ஓ. தண்ணீர் சப்பென்று இருக்கும். அதனால் கொஞ்சம் போர் தண்ணீரை அந்த வால்வு வழியாகக் கலந்து விடுவார்கள். எல்லா பிளான்டிலும் செய்வதுதான். எப்போதும் கைப்பிடி லேசாகத் திரும்பியிருக்கும். அன்றைக்கு முழுசாகத் திறந்திருந்தது. மெஷின் தருகிற தண்ணீர் போதாமல் போர் தண்ணீர் நேராகவே டேங்கில் விழுந்துகொண்டிருந்தது.

"என்னங்க இது?"

"இன்னைக்கு ஒரு நாள்தான். சத்தம் போடாத."

"போன பௌர்ணமிக்கும் இப்டித்தானா?"

அவர் ஆட்கள் பக்கம் திரும்பி அவசரப்படுத்தினார். அங்கேயே நின்று கடைக்காரருக்கு போன் போட்டேன். போர் தண்ணீர் கலந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"அய்யோ, போர் தண்ணியில நைட்ரேட் ஜாஸ்தி இருக்குங்க. பாசிக்கு அதான் சோறு. நீங்க ஆர்.ஓ.னு சொன்னீங்களே?"

போனை வைத்தேன். இவ்வளவு மாதம் லைட்டையும் மோட்டாரையும் குற்றம் சொல்லிக்கொண்டு, என் கையாலேயே தினமும் பாசிக்குச் சோறு போட்டிருக்கிறேன். பௌர்ணமியன்று நிரப்பிய கேன்தான் அடுத்த ஒரு வாரத்துக்கு வீட்டில் இருக்கும். தண்ணீர் வற்ற வற்ற அந்தச் சத்து மட்டும் உள்ளே சேர்ந்துகொண்டே போயிருக்கிறது.

"ஊரே குடிக்குது என் தண்ணிய. உன் மீனுக்கு மட்டும் ஒத்துக்கலையா?" என்று என் கணவர் கத்தினார். "வெயில்ல வர்ற ஜனத்துக்குத் தண்ணி இல்லனு சொல்லச் சொல்றியா? எங்கப்பன் காலத்துல எல்லாம் போர் தண்ணிதான் குடிச்சாங்க."

"உங்கப்பா கேன்ல அடைச்சு ஆர்.ஓ.னு எழுதி விக்கலியே."

ஆட்கள் கேனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்கள். நான் சாப்பாட்டுத் தூக்கை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் வீட்டுக்கென்று நல்ல தண்ணீர் தனியாக எடுத்து வைக்கவில்லை. ஊருக்கு என்ன கொடுத்தாரோ அதையேதான் எங்களுக்கும் கொடுத்தார். அதில் தப்பு இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை. திருட்டுத்தனமாகச் செய்திருந்தால் அவரோடு சண்டை போடுவது சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து அவரே ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு வந்து தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். "வால்வ சுத்தமா மூடிட்டு புடிச்சது. இனிமே உன் மீனுக்குத் தனியா எடுத்தாறேன். போதுமா?"

"ஊருக்கு?"

"ஊருக்கு மூடுனா பௌர்ணமிக்கு பாதி கேன்கூட தேறாது. ஒனக்கு மீன் பொழைக்கணும், பொழைக்க வெச்சிக்கோயேன்."

அந்தக் கேனை நான் திறக்கவில்லை. மீனுக்கு ஒரு தண்ணீர், மனுசனுக்கு ஒரு தண்ணீரா என்று கேட்டேன். பெரிய நியாயம் பேசிவிட்ட மாதிரி இருந்தது அப்போது. கடைக்காரரிடம் பேசி மீனைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பிளாஸ்டிக் பையில் தொட்டித் தண்ணீரை நிரப்பி மீனை விட்டுக் காற்று அடைத்து, தெர்மாகோல் பெட்டியில் வைத்தேன். பெட்டியை டேப் போட்டு ஒட்டியது என் கணவர்தான். பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியில் அழைத்துப் போனதும் அவர்தான். பெட்டி மடியில் இருந்தது. உள்ளே அது அசைவது தொடையில் தெரிந்தது.

கண்டக்டரிடம் கொடுக்கப் போகும்போது பெட்டியின் மேல் கையை வைத்தார். "இன்னொரு சின்னது வாங்கி ஜோடி சேத்துக்கலாம்டி. எடுத்துக்கினு போலாம், வா."

"வால்வ மூடுவீங்களா?"

எதிரே போன பஸ்ஸைப் பார்த்தார். "கொறைச்சிக்கறேன்" என்றார். நான் பெட்டியைக் கொடுத்துவிட்டேன்.

குறைத்தாரா என்று தெரியாது. கேட்டால் குறைத்திருக்கிறேன் என்கிறார். பௌர்ணமியன்று நான் பிளான்டுக்குப் போவதில்லை. முன்பெல்லாம் பாசி காட்டிக்கொடுத்தது. இப்போது காட்டிக்கொடுக்க வீட்டில் ஒன்றும் இல்லை. அந்த மீனை வைத்துக்கொண்டே அவரோடு சண்டை போட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் முளைத்த முடியைக் கொத்தாகப் பிடுங்கி அவர் சாப்பிடும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். நான் நியாயத்தைப் பேசிவிட்டு மீனை அனுப்பிவிட்டேன். வால்வு இருந்த இடத்திலேயே இருக்கிறது. நாங்களும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம்.