காப்பிக் களத்தில் என் குரல்

எண்பதுகளின் நடுவில், பொங்கல் முடிந்த ஒரு வாரத்தில் நடந்தது இது. ஏற்காட்டில் கொட்டச்சேடு பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் என் கல்லூரித் தோழி குடியிருந்தாள். அவள் கணவர் அங்கே ரைட்டர். கணக்கு வழக்கையும் ஆட்களையும் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அவர்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கி, நிம்மதியாக யோசித்து ஒரு முடிவெடுக்கலாம் என்று மலையேறினேன். முடிவும் பாதி எடுத்ததுதான். வேலையை விட்டுவிடுவது என்றிருந்தேன்.

நான் வானொலி அறிவிப்பாளர். பல வருடம் ஒரு நிலையத்தில் சினிமாப் பாட்டு நிகழ்ச்சி நடத்தினேன். நேயர் கடிதங்கள் கட்டுக் கட்டாக வரும். கடையில் வாய் திறந்து புளி கேட்டால், "ரேடியோவுல பேசறது நீங்கதானே?" என்பார்கள். அந்த மிதப்பு எனக்குக் கொஞ்சம் தலைக்கும் ஏறியிருந்தது. அப்புறம் ஒரு மாற்றல் உத்தரவு வந்தது. வேறு ஊர், வேறு நிலையம், கர்நாடக இசை. பாடுபவர் பெயர், ராகம், தாளம், இயற்றியவர் பெயர், அவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது. சொல்லிவிட்டு அடுத்த அரை மணி நேரம் கண்ணாடி அறைக்குள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தச் சங்கீதத்தில் எனக்குப் பெரிய ஞானமும் கிடையாது. ஒரு வருடம் ஓடியும் என் பெயருக்கு ஒரு கடிதம் வரவில்லை. சுவரைப் பார்த்துப் பேசுகிற வேலைக்கு நான் எதற்கு என்று தோன்றிவிட்டது. அக்கா கணவர் ஒரு பள்ளியில் ஆசிரியை வேலை பேசி வைத்திருந்தார். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை தோழி சமையலில் இருந்தாள். நான் சும்மா நடந்து காப்பிக் களத்துக்குப் போனேன். தோல் உரித்துக் கழுவிய கொட்டை சிமெண்டுத் தரை முழுக்கப் பரப்பிக் கிடந்தது. ஓரத்து மர நிழலில் பெண்கள் சிலர் உட்கார்ந்து கெட்ட கொட்டையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். கிளையில் ஒரு டிரான்சிஸ்டர் தொங்கியது. அதில் ஒருவர் ஒரே வரியைச் சுற்றிச் சுற்றிப் பாடிக்கொண்டிருந்தார். உற்றுக் கேட்டேன். எங்கள் நிலையமேதான்! எனக்குப் பதிலாக வேறொருவர் பணியில் இருந்த காலைக் கச்சேரி.

முள்ளைக் கொஞ்சம் திருப்பினால் சினிமாப் பாட்டு கணீரென்று வரும். பிறகு ஏன் இவர்கள் இதைக் கேட்கிறார்கள்? கேட்பதாகவும் தெரியவில்லை. ஒருத்தி தன் மருமகனைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டிருந்தாள், மற்றவர்கள் 'உம்' கொட்டினார்கள். ஆனால் ரேடியோவை அணைக்கவும் இல்லை. காரணம் தெரியாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது எனக்கு. கிட்டத்தில் போய், "இந்தப் பாட்டெல்லாம் உங்களுக்குப் பிடிக்குமாம்மா?" என்று கேட்டேன்.

கேட்டதுதான் தாமதம், இரண்டு பெண்கள் சட்டென்று எழுந்தார்கள். சுவரில் சாய்த்திருந்த மரப்பலகைகளை எடுத்துக்கொண்டு களத்தில் இறங்கிக் கொட்டையைத் தள்ளிப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மூன்றாமவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். நான் என்ன தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று விழித்தேன். இறங்கியவர்களில் ஒருத்தி பாதியில் நின்று டிரான்சிஸ்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏனுங்கக்கா, பாட்டு இன்னும் முடியலியே. அப்புறம் யாரு பேசுனது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். களத்துக்குப் பொறுப்பான அம்மாள் மெதுவாக எழுந்து வந்து, "அம்மிணி, இன்னொருக்கா பேசுங்க" என்றார்.

"என்ன பேசச் சொல்றீங்க?" என்றேன்.

அதுவே போதுமாக இருந்தது. களமே சிரிப்பில் அதிர்ந்தது.

"ரேடியோக்கார அம்மிணியேதானுங்க" என்று அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. காயப்போட்ட காப்பியை அடிக்கடி புரட்டிவிட வேண்டும். விட்டால் பூசணம் பிடித்து வாடை வந்துவிடும். களத்தில் கடிகாரம் கிடையாது. "முன்னெல்லாம் நீங்க சினிமாப் பாட்டுப் போடுவீங்கல்ல, அதைத்தானுங்க வெச்சிருந்தோம். பாட்டுல லயிச்சுக் காப்பியை மறந்துருவோம். ரைட்டர் வந்து சத்தம் போடுவாரு. ஒரு நாள் முள்ளைத் திருப்பறப்ப உங்க கொரலு இங்க கேட்டுச்சு. சரி, நம்ம அம்மிணியாச்சேன்னு அப்படியே விட்டுட்டோம். நீங்க பேசுனா எந்திரிச்சுப் பொரட்டுவோம், பாட்டு வந்தா உக்காந்துக்குவோம். கணக்கா இருக்குதுங்க."

"அப்போ பாட்டு?"

"பொய் சொல்லக் கூடாதுங்க. நொம்ப இழுக்கறாங்க. ஆனா காப்பி நல்லாக் காயுது."

எனக்கு வலிக்கவும் செய்தது, சிரிப்பும் வந்தது. ஒரு வருடமாக என்னை யாரும் கேட்கவில்லை என்று நினைத்திருந்தேன். இங்கே ஒரு களமே என் வாயைப் பார்த்து நடந்திருக்கிறது, அதுவும் நான் மட்டமாக நினைத்த அந்த நாலு தகவலுக்காக. அந்த அம்மாள் அதோடு விடவில்லை. ஒரு குறையும் வைத்திருந்தார்.

"நீங்க வெடுக்குனு முடிச்சுப்போடறீங்க. நாங்க பலகையை எடுக்கறதுக்குள்ள பாட்டு வந்துருது. ரெண்டு வார்த்தை சேத்துப் பேசுனா என்னங்க? அந்தப் பாட்டுல என்ன சொல்றாங்கன்னாச்சும் சொல்லலாமில்ல?"

அந்தப் பாட்டுகளில் என்ன சொல்கிறார்கள் என்று எனக்கும் தெரியாது. ஒரு நாளும் யாரையும் கேட்டதில்லை.

திங்கட்கிழமை அக்கா கணவரிடம் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நிலையத்துக்குப் போனேன். ஒலிப்பதிவுக்கு வந்திருந்த பாடகரிடம் கூச்சத்தை விட்டு அர்த்தம் கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. 'இத்தனை முறை கூப்பிட்டேனே, உன் காதில் விழவில்லையா என்று இதை இயற்றியவர் இறைவனிடம் கேட்கிறார்' என்று அந்தப் பாட்டுக்கு முன்னால் நிதானமாகச் சொன்னேன். பலகையை எடுக்க அவகாசம் விட்டுச் சொன்னேன். பணி ஓய்வு பெறும்வரை அந்த வழக்கத்தை விடவில்லை. போகப் போக அந்தச் சங்கீதமும் எனக்குப் பிடித்துப்போனது.

என் குரலைக் கேட்டதும் எழுந்து நின்றவர்கள் என் வாழ்க்கையில் அந்தப் பெண்கள் மட்டும்தான். எழுந்தது எனக்காக அல்ல, காப்பிக்காக என்று தெரிந்தும், அதைவிடப் பெரிய மரியாதை எனக்குக் கிடைத்ததாக இன்றுவரை நான் நினைக்கவில்லை.