செல்வராசு பேர் போட்ட குப்பி

வாசலில் நின்று "உங்க மலத்துல கொஞ்சம் கொடுங்க" என்று கேட்பதுதான் என் உத்தியோகம். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களில், குடல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பரிசோதனைக்குக் குப்பி கொடுத்து வாங்குகிறேன். வீடு வீடாக ஏறி இறங்கும் சகோதரிகளே, நாம் வாங்காத பேச்சா!

கௌரவப் பிரச்சினை

நடவு முடிந்த நேரம் பார்த்துச் செல்வராசு அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஐம்பதைத் தாண்டிய விவசாயி. "மூடியில இருக்கிற குச்சியால லேசா தொட்டு, உள்ள போட்டு மூடிடுங்கண்ணே. கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கான்னு பார்ப்போம்" என்றேன். மனுஷன் முகம் சுண்டிப்போனது.

அவர் மனைவி வசந்தாக்காவுக்கும் ஒன்று நீட்டினேன். "குத்துக்கல்லாட்டம் இருக்கேன், எனக்கெதுக்கு?" என்று தொடவே இல்லை. புருஷனை மட்டும் விடவில்லை: "மாட்டுச் சாணியை ஒரத்தநாட்டு மாட்டாஸ்பத்திரிக்கு டெஸ்டுக்குத் தூக்கிட்டுப் போனவருதானே நீங்க? உங்களுதுன்னா மட்டும் கௌரவம் கொறஞ்சிடுமோ?"

ரத்தம் யாருடையது?

குப்பி வந்தது. ரத்தம் இருப்பதாக முடிவும் வந்தது. நேரில் போய்ச் சொன்னேன்: "பயப்படாதீங்கண்ணே, மூலமாக்கூட இருக்கலாம். ஆனா குடலுக்குள்ள கேமரா விட்டுப் பார்த்தே ஆகணும்."

அவர் என்னைப் பார்க்கவில்லை, மனைவியையே பார்த்தார். "தங்கச்சி, அது என்னுது இல்ல. கூச்சப்பட்டுக்கிட்டு அவளோடதைத்தான் போட்டுத் தரச் சொன்னேன்."

வாய்க்கால் நிலவரம்

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கேமரா விட்டுப் பார்ப்பதற்கு முதல் நாள், பேதி மருந்து குடித்துக் குடலைச் சுத்தம் செய்ய வேண்டும். வசந்தாக்கா மாட்டேன் என்று அழுதாராம். அண்ணனே டம்ளர் டம்ளராகக் கலக்கிக் கொடுத்திருக்கிறார். சாயங்காலம் போன் வந்தது. தெருவுக்கே கேட்கும் குரல், கூச்சமெல்லாம் எங்கே போனதோ! "தங்கச்சி, சேறெல்லாம் போயிடுச்சு, இப்பத் தெளிஞ்ச வாய்க்கால் தண்ணியாட்டம் வருது!"

டீக்கடை முன்னால்

குடலில் சின்னதாக ஒரு சதை வளர்ச்சி. பார்த்த கையோடு எடுத்துவிட்டார்கள். இன்னும் புற்றுநோயாகவில்லை, விட்டிருந்தால் ஆகியிருக்கலாம் என்றார் டாக்டர். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த வாரம் டீக்கடை வாசலில், அத்தனை பேர் முன்னாலும் செல்வராசு அண்ணன் சட்டைப்பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து நீட்டினார். "இந்தா தங்கச்சி, இது சத்தியமா என்னுதுதான்."

ஆள் மாறி வந்த குப்பி ஓர் உயிரைக் காப்பாற்றியதில் எனக்குப் பெருமைதான் என்றாலும், இப்போதெல்லாம் எந்த வீட்டிலும் முதல் குப்பியை மனைவி கையில்தான் கொடுக்கிறேன்.