அவள் சிரிக்காத பேச்சு

எங்கள் வீட்டுக்கு அந்த ஆப்பிரிக்க நாவலாசிரியர் ஸ்கூட்டரில்தான் வந்து சேர்ந்தார். எல்லை தாண்டி மலையாளப் பக்கம் இருக்கும் எங்கள் நல்லேப்பிள்ளியில், வாயனசாலை என்கிற ஊர் நூலகத்துக்காரர்கள் பெண்களுக்கு வீடு தேடிப் போய்ப் புத்தகம் கொடுக்கிறார்கள். அதற்கென்று வரும் பெண் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று பையைத் திறப்பார். என் மனைவி மலையாளத்தில் படித்து வளர்ந்தவள். சமையல் குறிப்பு, துப்பறியும் கதை என்று பையில் வருவதையெல்லாம் வாசிப்பாள். ஒருநாள் மலையாளத்தில் மொழிபெயர்த்த தடித்த நாவல் ஒன்று வந்தது. பின்னாலேயே அதே எழுத்தாளரின் இன்னும் இரண்டு. அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எப்படி எழுதினாலும் தப்பாகத்தான் வரும். ஏற்கெனவே அவர் என்மேல் கோபமாக இருப்பதாக எனக்கொரு எண்ணம்.

வாய்க்காலில் எங்கள் முறைத் தண்ணீருக்குக் காத்திருந்த பகல்களில், மோட்டார் அறையில் உட்கார்ந்து அவளுக்குத் தெரியாமல் நானும் எழுத்துக்கூட்டி வாசித்தேன். ஆப்பிரிக்கா ஆயிற்றே, சிங்கம் வரும் என்று பார்த்தேன். மாமியார் வந்தார். கரண்ட் போயிற்று. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வண்டி நிறைய விருந்தாளிகள் வந்து இறங்கினார்கள். பெயர்களை மாற்றினால் எங்கள் பஞ்சாயத்து.

பெண்ணியக் கதையென்றால் பெண்டாட்டியை அடிக்கிறவனைப் பற்றித்தானே இருக்கும், நமக்கு வேலையில்லை என்று காலை நீட்டிக்கொண்டேன். நான் கை ஓங்கியதில்லை. குடிப்பதும் இல்லை. ஆனால் இந்த அம்மாள் அடிக்கிறவனை இரண்டு பக்கத்தில் முடித்துவிட்டு, நல்லவன் என்று பெயரெடுத்தவனைத்தான் விரட்டிப் பிடிக்கிறார். முதல் நாவலில், சொந்தக்காரப் பிள்ளைகளுக்கெல்லாம் ஃபீஸ் கட்டி, அந்தச் செலவிலேயே எல்லோர் வாயையும் மூடிவைத்திருக்கும் ஒரு பெரிய மனிதர். இரண்டாவதில் ஒரு கணவன், தமாஷ்காரன். விருந்தாளி வந்தால் மனைவியைப் பற்றிக் கதை கட்டிச் சொல்வான். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்தபடி கோப்பைகளை நிரப்புவாள். பாதிப் புத்தகத்தில் ஒருநாள் கோப்பைகள் தட்டில் இருக்கின்றன, அவள் இல்லை. சண்டை இல்லை, அழுகை இல்லை. அவள் போனதையும் தமாஷாகவே அக்கம்பக்கத்தில் சொல்லிப் பார்க்கிறான். ஒருவரும் சிரிக்கவில்லை.

மோட்டார் அறையில் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டேன்.

ஏனென்றால் எங்கள் சொந்தபந்தத்தில் அந்த ஆள் நான். கல்யாணப் பந்தியோ காதுகுத்தோ, என்னைச் சுற்றி நாலு பேர் இருப்பார்கள். சரக்கு முழுக்க என் மனைவிதான். 'எங்கூட்டு சாம்பார் கொதிச்சா, பக்கத்து ஊட்டு நாய் வேலியத் தாண்டி ஓடிப்போயிருமுங்க' என்பேன். அவள் ஸ்கூட்டர் பழகப் போய் வைக்கோல் போரில் மோதியபோது, 'வைக்கப்போருக்குள்ள பார்க்கிங் பண்ணுன ஒரே ஆளு எங்கூட்டு அம்மிணிதானுங்க' என்று ஒரு வருஷம் ஓட்டினேன். அவளும் சிரிப்பாள்.

அன்றோடு வாயை மூடினேன். என் பெரியப்பா மகன் வந்து உட்கார்ந்து, "டேய், அந்த வைக்கப்போருக் கதையச் சொல்றா" என்றான்.

"அவ நல்லாத்தான் ஓட்டுனா. போரு வெச்ச எடந்தான் செரியில்ல" என்றேன்.

அவன் என்னை உற்றுப் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான். "ஏம்மிணி, இவனுக்கு மேலுக்குச் சொகமில்லியா?"

"நாலஞ்சு நாளா இப்படித்தானுங்க மாமா."

பக்கத்துச் சித்தூருக்கு டாக்டரிடம் கூட்டிப்போனாள். ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. ஏறாதா? உப்பைக் குறைக்கச் சொன்னார். உப்பில்லாத சாம்பார் வந்தது. அதைப் பற்றி என்னென்னவோ வாய்வரை வந்தது; எல்லாவற்றையும் சோற்றோடு சேர்த்து விழுங்கினேன்.

அந்த வாரத்தில்தான் கேட்டாள்: "சித்திரபுரம் போயி அண்ணன் ஊட்டுல கொஞ்சநாள் இருந்துட்டு வரட்டுங்களா?" அவள் அண்ணனுக்கு மலைமேல் பள்ளிவாசல் என்ற ஊரில் இருக்கும் மின்நிலையத்தில் வேலை, சித்திரபுரம் குவார்ட்டர்ஸில் வீடு. வழக்கமாகக் கோடையில்தான் போவாள். இது அடைமழைக் காலம். மலைப்பாதையில் எங்கே மண் சரியும் என்று டிவிக்காரர்களே பயந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அவளோ பெரிய பையை எடுத்து, துணிக்கு நடுவே மூன்றாவது நாவலை வைத்தாள். சமையலறையில் எட்டிப் பார்த்தேன். டம்ளர்களையெல்லாம் கழுவித் தட்டில் கவிழ்த்திருந்தாள்.

பொள்ளாச்சி பஸ்ஸில் ஏற்றிவிடப் போனேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கீழே நின்று கேட்டுவிட்டேன். "அம்மிணி, திரும்பி வருவியல்ல?"

"என்னுங்க கேள்வி இது?"

"அந்த ரெண்டாவது புஸ்தகத்துல அவ போயிர்றாளே."

"நீங்க படிச்சீங்களா?"

"மோட்டார் ரூம்ல."

"அதானுங்களா பிபி!" கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தாள். கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். எனக்கு உயிர் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலை இறக்கிச் சொன்னாள்: "நீங்க சொன்னதுக்கெல்லாம் சிரிச்சுத்தானுங்க இருக்கேன். ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் வாய்தான் சிரிச்சுது."

"எது?"

"பேசுனவரு நீங்கதானுங்களே? கண்டுபுடிச்சுச் சொல்லுங்க, வர்றேன்."

அது விளையாட்டா என்று முகத்தைப் பார்ப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து ஒவ்வொரு பேச்சாக எடுத்து, காலி நாற்காலிகளுக்கு முன்னால் சொல்லிப் பார்த்தேன். சுற்றிலும் சிரிக்க ஆள் இல்லையென்றால் அவை திட்டாகத்தான் கேட்டன. சாம்பார் பேச்சு அவள் அம்மாவுக்கும் விழுந்த திட்டு. வேறொன்றை வாய்விட்டு முடிக்கவே முடியவில்லை. இதற்கிடையே மலையில் மழை வலுத்தது. அவள் ஃபோன் கிடைக்கவில்லை. மண் சரிவு ஒரு பக்கம், இது ஒரு பக்கம். எதற்குப் பயப்படுவது என்றே தெரியாமல் இரண்டுக்கும் சேர்த்துப் பயந்தேன்.

மறுநாள் சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். "வந்து சேந்துட்டனுங்க. கரண்டுதான் இல்ல. கரண்டு ஆபீஸ் குவார்ட்டர்ஸ்லயே கரண்டு இல்லீங்க!"

"வைக்கப்போரா?" என்றேன்.

"என்னுங்க?"

"அந்தப் பேச்சு. வைக்கப்போருதானா?"

"அய்ய, அதுக்கு நெசமாவே சிரிச்சனுங்க."

இப்போது கோயம்புத்தூர் ஹாஸ்டலில் படிக்கும் எங்கள் மகள் பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னது ஞாபகத்தில் உறுத்திக்கொண்டிருந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டேன். "பாப்பா பொறந்தப்ப, உங்கப்பா முன்னால, 'தென்னந்தோப்பு இனி நம்முது இல்லீங்க, வர்ற மாப்பிள்ளைக்குத்தான்'னு சொன்னனே. அதா?"

அந்தப் பக்கம் அவள் ஜன்னலைச் சாத்துவது கேட்டது; தகரத்தில் விழுந்த மழைச் சத்தம் குறைந்தது.

"அத நான் மறந்தே போயிருந்தனுங்க" என்றாள் மெதுவாக.

"அப்ப அது இல்லியா?"

"இல்லீங்க. இப்ப ரெண்டாச்சு."

அவள் ஃபோனை வைக்கவில்லை. மூன்றாவதாக இன்னொரு பேச்சு என் வாயில் நின்றது. அதுவாகவும் இருக்கலாம். இல்லையென்றால் மூன்றாகும். ஃபோனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"சொல்லுங்க" என்றாள்.