நீல நெருப்பு மஞ்சளான குளிர்காலம்

நாங்கள் அகதிகளாக ஜெர்மனிக்கு வந்து, ஹம் நகரத்தில் குடியேறிய முதல் குளிர்காலம். எனக்கு எட்டு வயது. அம்மாவுக்குக் குளிர் என்றால் ஜென்மப் பகை. எங்கள் ஒற்றை அறையின் சுவரில் ஒரு காஸ் ஹீற்றர் இருந்தது. கதவின் அடியில் காற்று வருவதற்கென்று ஒரு கம்பிவலை. குளிர் தேசத்தில் ஓட்டை வைத்துக் கதவு செய்தவன் எந்த விசரனோ என்று திட்டிக்கொண்டே அம்மா தன் பழைய நூல் சேலையை அதற்குள் அடைத்தாள். யன்னல் இடுக்குகளையும் விட்டுவைக்கவில்லை. அறை கணகணவென்று சூடாகிவிட்டது.

அந்தச் சூட்டுக்குள் அம்மாவின் தம்பி, என் சின்ன மாமாவும் ஒளிந்திருந்தார். அவருடைய அகதி விண்ணப்பம் வேறொரு நகரத்து முகாமில் கிடந்தது. அந்த நகரத்து எல்லையைத் தாண்ட அவருக்கு அனுமதி இல்லை. பிடிபட்டால் எல்லாம் பாழ் என்று அப்பா வெருட்டியும், அக்காவின் சமையலுக்கு ஆசைப்பட்டுக் களவாக வந்து ஒட்டிக்கொண்டார். மணி அடித்தால் மாமா அலுமாரிக்குள். எனக்கு அது நல்ல விளையாட்டு.

சில நாட்களில் ஹீற்றரின் நீல நெருப்பு மஞ்சளாகியது. சாமி விளக்கு மாதிரி எரியுதென்று அம்மாவுக்குப் பெரிய புளுகம், பார்த்துப் பார்த்துப் பூரித்தாள். சுவரில் கரி படிந்தது. எல்லோருக்கும் தலையிடி. பள்ளிக்கூடம் போனால் எனக்குச் சுகமாகிவிடும்; வீட்டுக்கு வந்தால் மறுபடியும் மண்டை இடிக்கும். படிக்கப் பஞ்சிப்பட்டு, சோம்பேறித்தனத்தில் நடிக்கிறேன் என்று ஏச்சும் வாங்கினேன்.

ஒரு பள்ளிக்கூட விடுமுறை நாள் காலை, அப்பா எங்கள் அகதி விண்ணப்ப அலுவலாக அரசாங்கக் கந்தோருக்குப் போயிருந்தபோது மணி அடித்தது. கதவின் கண்ணாடித் துவாரத்தால் பார்த்த அம்மா பின்னுக்குப் பாய்ந்தாள். உச்சி முதல் உள்ளங்கால் வரை கறுப்பு உடுப்பு, பளபளக்கும் பொத்தான்கள், தொப்பி. பொலிஸ்! மாமா அலுமாரிக்குள் பாய்ந்தார்; அம்மா கதவைத் திறக்கவில்லை. வந்தவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மேல்மாடிக்குப் போனார். அவர் புகைபோக்கியும் காஸ் ஹீற்றரும் பரிசோதிக்க வீடுவீடாக வருகிறவர் என்று நாங்கள் என்ன கண்டோம்!

அதற்குப் பிறகுதான் கவனித்தோம், கைக்குழந்தையான என் தம்பி எழும்பவில்லை. தூக்கினால் தலை தொங்கியது. அம்மா கண்ணூறு என்று சொல்லிச் செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துச் சுற்றத் தொடங்கினாள். உப்பு நிலமெல்லாம் சிந்தியது. அலுமாரியை விட்டு வெளியே வந்த மாமா நெருப்பையும் கரியையும் தம்பியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அக்கா, இது கண்ணூறில்லை. நெருப்பிலைதான் ஏதோ பிழை. பிள்ளையளோடை வெளியாலை ஓடுங்கோ!"

காஸ் குழாயைப் பூட்டினார், யன்னலைத் திறந்தார், எங்களைப் படிக்கட்டுக்குத் தள்ளினார். பிறகு அந்தக் கறுப்பு உடுப்பைத் தேடி மேல்மாடிக்கு ஓடினார், தெரிந்த இரண்டு ஜெர்மன் சொற்களைக் கத்திக்கொண்டு.

"போகாதை, பிடிச்சுப்போடுவாங்கள்!" என்று அம்மா அலறினாள். அவர் நிற்கவில்லை.

கறுப்பு உடுப்புக்காரர் இறங்கி வந்து, சேலையை உருவி எறிந்துவிட்டுத் தலையில் கைவைத்தார். காற்று வராமல் அந்த நெருப்பு நச்சுக் காஸைக் கக்கியிருக்கிறது என்று எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது. அவர் கூப்பிட்ட அம்புலன்சின் பின்னால் உண்மையான பொலிசும் வந்தது. எல்லோருடைய கடுதாசியையும் கேட்டார்கள். மாமாவினதில் வேறு ஊர் இருந்தது.

இரண்டு பொலிஸ்காரர்கள் அவரைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும்போது, அம்புலன்சுக்குள் இருந்து தம்பி வீறிட்டு அழுதான். மாமா திரும்பிப் பார்த்துச் சிரித்தார், வாய் நிறைய. பொலிஸ் பிடித்துக்கொண்டு போகும்போது சிரிக்கிற ஆளை நான் அதுவரை கண்டதில்லை. பாவம், மாமாவுக்கும் காஸ் மண்டைக்குள் ஏறிவிட்டது என்றே நினைத்தேன்.