நான்கு மூலையிலும் மஞ்சள்

எங்கள் வீட்டு இட்லிப் பானையில் ஒருமுறை பிஸ்டன் வெந்தது. புனேயில், பாணேரில் இருக்கும் என் ஆபீசில் இதைச் சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், எனக்கென்ன. அந்த ஆவி முகத்தில் அடிக்கப் பக்கத்தில் நின்றவள் நான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. போபோடியில் ஒரு மராத்திக்காரரின் வீட்டில் கீழ்ப் போர்ஷனில் குடியிருந்தோம். வீட்டுக்காரரைக் காகா என்று கூப்பிடுவோம். ஆற்றோரம் பூச்செடி நர்சரி வைத்திருந்தார். அப்பாவுக்குக் கட்கி ஃபேக்டரியில் வேலை. பல்பு மாற்றச் சொன்னாலே எலெக்ட்ரீஷியனுக்குப் போன் போடுகிற மனுஷர். அதனால் இந்தக் கதையில் அவருக்கு அதிக வேலையில்லை.

அந்த வருஷம் மழை தொடங்கும்போது சித்தி கோயம்புத்தூரிலிருந்து வந்தாள். அம்மாவுக்கு ஒரே தங்கை. தண்ணீர் இறைக்கிற மோட்டாரும் இன்ஜினும் செய்கிற கம்பெனியில் வேலை பார்த்தவள், கல்யாணத்துக்காக வேலையை விட்டாள். கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றுவிட்டார்கள். பழைய கம்பெனியில் திரும்ப வரச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். "எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போறது அக்கா?" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். நாள் முழுக்க அந்தச் சுவர்தான்.

புனேயில் கொடுப்பதற்கென்று நூறு பத்திரிகை எங்கள் வீட்டுக்கு முன்பே வந்திருந்தது. அம்மா உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி முடித்த அன்றுதான் சேதி வந்தது. அத்தனையையும் ஒரு துணியில் முடிந்து லாஃப்டில் போட்டாள். கல்யாணப் பேச்சை எடுத்தால் தோலை உரித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு மிரட்டல் வேறு.

காம்பவுண்டு ஓரத் தகர ஷெட்டில் காகாவின் பழைய டிராக்டர் கிடந்தது. வயலில் உழுகிற பெரிய டிராக்டர் இல்லை, அதற்குப் பிறந்த குட்டி மாதிரி இருக்கும். நர்சரிக்கு மண் இழுக்க வாங்கியதாம். பல வருஷமாக ஓடவில்லை. ஒரு திங்கட்கிழமை காகா கடைசியாக ஒருமுறை பார்ப்போம் என்று இன்ஜினைக் கிளப்புகிற கயிற்றைப் பிடித்து இழுத்தார். கயிறு அசையவே இல்லை. காகா டிராக்டரை வாய் வலிக்கத் திட்டினார்.

சித்தி எழுந்தாள். செருப்புகூடப் போடாமல் போய் இன்ஜினின் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து, காதைப் பக்கத்தில் வைத்து, மெல்ல ஆட்டிப் பார்த்தாள். "இறுகிப் போயிருக்குது. செத்துப் போகல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தான் சரி செய்வதாக உடைந்த இந்தியில் காகாவிடம் சொன்னாள். காகா சிரித்தார். "ரவிவாரி பங்கார்வாலா யேணார், தாயீ" என்றார். ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்புக்காரன் வருகிறான், அதுவரை என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்று அர்த்தம்.

அம்மா இதைப் பிடித்துக்கொண்டாள். தாத்தா ஊரில் புதிதாக ஒரு வரன் பார்த்து வைத்துக்கொண்டு தினமும் போனில் நச்சரித்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள இது ஓடலைன்னா, அப்பா சொல்ற வரனுக்கு நீ தலையாட்டிரோணும்" என்றாள் அம்மா.

"ஓடிருச்சுன்னா?"

"ஓடிருச்சுன்னா உன்ற இஷ்டம். பழைய வேலைக்கே போ. அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்."

சித்தி சரி என்றாள். எனக்கு ஒரே குஷி. எங்கள் வீட்டில் பெரியவர்கள் பந்தயம் கட்டி நான் பார்த்ததே இல்லை.

அதற்கு முன் இன்ஜின் என்றால் ஒரே இரும்புக் கட்டி என்று நினைத்திருந்தேன். சித்தி அதைத் திறந்தாள். உள்ளே இன்னொன்று இருந்தது. அதைக் கழற்றினாள், அதற்குள் இன்னொன்று. பழைய சேலையை விரித்து, எந்த வரிசையில் கழன்றதோ அந்த வரிசையில் எங்கள் சாப்பாட்டுத் தட்டுகளில் வைத்துக்கொண்டே போனாள். காளான் மாதிரி இரண்டு வால்வு. வளைந்து நெளிந்த ஒரு தண்டு. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்ததும் சிலிண்டரின் உள்சுவர் கண்ணாடியாகி அதில் என் மூக்கு இழுபட்டுத் தெரிந்தது. வெளியே துரு ஏறிப் பல்லிளித்துக்கொண்டிருந்த சாமான் உள்ளே இத்தனை அழகாக இருக்கும் என்று யார் கண்டார்கள்! ஸ்கூல் விட்டால் நேரே ஷெட்டுக்கு ஓடிவிடுவேன், பையைக்கூடக் கழற்ற மாட்டேன்.

மறக்கவே முடியாதது அந்த இரண்டு புள்ளிகள்தான். இரண்டு பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று சேர வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு பல்லில் கடுகளவு புள்ளி. "இது ரெண்டும் மூக்கும் மூக்கும் முட்டோணும். ஒரு பல்லு தள்ளிப் போச்சுன்னா இன்ஜின் ஓடாது" என்றாள் சித்தி. எந்த ஊரிலோ, யாரோ, தனக்குப் பின்னால் இதைத் திறக்கப் போகிறவளுக்காக வைத்துவிட்டுப் போன புள்ளிகள். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. புள்ளிகள் நேராக வந்து நின்றபோது சித்தி முதல் தடவையாகச் சிரித்தாள்.

நானா பேட் உதிரிபாகக் கடைகளில் அலைந்து பிஸ்டனுக்கு ரிங் செட் வாங்கி வந்தாள். சனிக்கிழமைதான் அந்த இட்லிப் பானை. பிஸ்டனைச் சூடாக்கினால்தான் அதன் குறுக்குக் கம்பி உள்ளே போகும், அடித்து இறக்கினால் கெட்டுவிடும் என்றாள். "என்ற பானைய நாசம் பண்ணீராத" என்று கத்திக்கொண்டே அம்மா தண்ணீர் ஊற்றி அடுப்பைப் பற்ற வைத்தாள். பத்து நிமிஷம். துணியால் பிடித்து எடுத்து, சித்தி கட்டை விரலால் ஒரு அழுத்து அழுத்தினாள். போகமாட்டேன் என்று அடம்பிடித்த கம்பி வெண்ணெயில் போவது போல வழுக்கிக்கொண்டு போனது. நான் வாயைப் பிளந்தேன். அம்மாவும்தான்.

அன்று சாப்பிடும்போது சித்தியின் முகம் வாடிப்போனது. எல்லாம் முடிந்தது, பக்கவாட்டு மூடிக்குக் கேஸ்கெட் மட்டும் கிடைக்கவில்லை. இரண்டு இரும்புக்கும் நடுவில் எண்ணெய் ஒழுகாமல் வைக்கிற காகிதம் அது. பழையது திறக்கும்போதே பொடிப்பொடியாகிவிட்டது. இந்த மாடலுக்கு எந்தக் கடையிலும் இல்லை. அம்மா கேட்டுக்கொண்டே ரசம் ஊற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா ஓவர்டைமுக்குப் போய்விட்டார். சித்தி ஷெட்டிலிருந்து நகரவே இல்லை. கனமான காகிதம் கொண்டு வா என்று என்னைத்தான் விரட்டினாள். நோட்டு அட்டை கொண்டுபோனேன், கிழிந்தது. காலண்டர் அட்டை, தடிமன் அதிகம். மூன்றாம் தடவை ஓடியபோது தையல் மெஷின் மேல் ஒரு துணிக்கட்டு முடிச்சு அவிழ்ந்து கிடந்தது. வழவழவென்று, கெட்டியாக, அருமையான காகிதம். ஒன்றை உருவிக்கொண்டு ஓடினேன்.

சித்தியின் கையில் கொடுத்த பிறகுதான் நான்கு மூலையிலும் மஞ்சள் என் கண்ணில் பட்டது. தோல் உரிபடப் போகிறது, சந்தேகமே இல்லை.

சித்தி ரொம்ப நேரம் அதைப் பார்த்தாள். பிறகு கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தடவினாள். "பிள்ளையார் இருக்கற பக்கம் வேண்டாம் கண்ணு, மேடு பள்ளமா இருக்குது, எண்ணெய் ஒழுகும்" என்று உள் தாளைப் பிரித்து மூடியின் மேல் பரப்பினாள். சின்னச் சுத்தியலால் ஓரம் முழுக்கத் தட்டிக்கொண்டே போனாள். தட்டத் தட்ட இரும்பின் விளிம்பே காகிதத்தை அறுத்தது. மாப்பிள்ளையின் பெயர் பாதியில் அறுந்து கீழே விழுந்தது. சித்தியின் பெயர் மேல் ஒரு போல்ட் ஓட்டை வந்தது.

அப்போதுதான் அம்மா காபியோடு வந்தாள். பார்த்தாள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"அளவு சரியா இருக்குதா?" என்று மட்டும் கேட்டாள்.

மூடியை மாட்டி எண்ணெய் ஊற்றி முடிப்பதற்குள் பழைய இரும்புக்காரன் தள்ளுவண்டியோடு கேட்டில் வந்து நின்றுவிட்டான். சித்தி கயிற்றை இழுத்தாள். ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தாள். ஒரு தும்மல். ஐந்து, ஆறு. காகா வாட்சைப் பார்த்தார். ஏழாவது தடவை சித்தி பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள் பாருங்கள், குபுக்கென்று வெள்ளைப் புகை, தொடர்ந்து டபடபடபவென்று ஒரு சத்தம். என் பாதத்துக்கடியில் தரை அதிர்ந்தது. தட்டில் கிடந்த அத்தனை சாமானும் இப்போது உள்ளே ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கின்றன! எனக்குக் கை கூப்பத் தோன்றியது, கூப்பியும்விட்டேன். "சாலூ ஜாலா! சாலூ ஜாலா!", ஓடிவிட்டது ஓடிவிட்டது என்று காகா சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார்.

சித்தி மட்டும் குனிந்து, மூடியின் அடியில் விரலை ஓட்டி, அதை அம்மாவிடம் நீட்டினாள். "பாருக்கா. ஒரு சொட்டு ஒழுகல."

அம்மா சிரிக்க ஆரம்பித்து, அழுகையில் போய் முடித்தாள்.

புதன்கிழமை சித்தி கோயம்புத்தூருக்கு ரயிலேறினாள், பழைய கம்பெனிக்கே. ஸ்டேஷனில் வண்டி நகர்ந்த பிறகும் அம்மா அழுதாள். பந்தயத்தில் தோற்றதற்கா இவ்வளவு என்று எனக்குப் பாவமாக இருந்தது. "அடுத்த தடவ நீ ஜெயிச்சிடுவேம்மா" என்றேன். அம்மா என் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள்.

போன மாதம் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். இன்னும் அதே வீடுதான். லாஃப்டிலிருந்து ஒரு சூட்கேஸ் வேண்டியிருந்தது. ஸ்டூல் போட்டு, நுனிக்காலில் நின்றுதான் கை எட்டியது. எட்டிய கையோடு அப்படியே நின்றுவிட்டேன். அந்தத் துணிக்கட்டு இங்கேதானே இருந்தது, அன்றைக்குத் தையல் மெஷின் மேல் எப்படி வந்தது? ஒன்பது வயதில் நான் அதை இறக்கியிருக்க முடியாது. சித்தி ஷெட்டில், அப்பா ஃபேக்டரியில். வீட்டுக்குள் இருந்தது ஒரே ஒரு ஆள், பந்தயம் கட்டிய ஆள்.

"கெடச்சுதா கண்ணு?" என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்.

"கெடச்சுதும்மா" என்றேன்.