ஜாக்கும் ஒன்பதும்

போக்கர் அதிர்ஷ்டமல்ல, திறமை என்று மனைவியின் தம்பி யோகனுக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் விரிவுரை நிகழ்த்தியவன் நான். அதற்காகத் தடித்த புத்தகங்கள் வேறு படித்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஹம்பேர்க்கில் நடந்த போட்டிக்கு அவனும் வேடிக்கை பார்க்க வந்தான். நான் இறுதி மேசைக்குப் போகாவிட்டால் அவன் வாயை இனி மூட முடியாது.

இறுதி மேசைக்கு ஒரு படி முன்னால், என் கைக்கு ஒரு ஜாக்கும் ஒன்பதும் வந்தன. போக்கரில் அவை சுமாரான சீட்டுகள். யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஆடிவந்த முந்நூற்றுநாலு என்ற சீட்டாட்டத்திலோ அவைதான் எல்லாவற்றிலும் பெரியவை. பழைய பழக்கம் புத்தகங்களை முந்திக்கொண்டது. இருந்த பந்தயச் சில்லுகள் முழுவதையும் நடுவே தள்ளினேன். தள்ளிய பிறகுதான் எந்த ஆட்டத்தில் இருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது.

எதிரே இருந்த ஜெர்மன் பெண்மணியும் தன் சில்லுகளைத் தள்ளிவிட்டு, அமைதியாக, போக்கரில் மிகப் பெரிய சீட்டான ஏஸ் இரண்டைக் காட்டினார். பிறகு மேசையில் இருவருக்கும் பொதுவான சீட்டுகள் திறந்தன. அவற்றில் இரண்டு ஜாக்! என் மூன்று ஜாக்கிடம் அவருடைய ஏஸ்கள் தோற்றன. அவர் எழுந்து என் கையைக் குலுக்கினார்.

"எப்படிக் கணித்தீர்கள்?"

"அனுபவம்," என்றேன், கூசாமல்.

இறுதி மேசையில் எனக்கே இரண்டு ஏஸ் வந்தன. புத்தகத்தில் உள்ளபடி பிழையில்லாமல் ஆடி, முதல் ஆளாக வெளியேறினேன்.

திரும்பும் ரயிலில் யோகனிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திறமை பாதி, அதிர்ஷ்டம் பாதி என்றுகூட இறங்கிவந்தேன்.

"அது கிடக்கட்டும் அத்தான்," என்றான் அவன். "அந்த மனிசி வெளியில என்னட்ட வந்து, உங்கட ஆளுக்கு இந்த விளையாட்டுத் தெரியுமோ எண்டு கேட்டவ. ஓம் எண்டு பொய் சொல்லிப்போட்டன்."